ஊருக்கு ஒரு நிறம் பூசுகிறவர்களுக்கு

கருத்துக்கணிப்பு எடுக்கும் குழுவினருக்கும், எல்லாக் கட்சிகளின் தேர்தல் பணிக்குழுவினருக்கும்,

வணக்கம்.

வேலூர் மாவட்டத்துச் சிறு பேரூர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும், வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பி.எல்.ஓ.வாகவும் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்), வெவ்வேறு கட்சிகளின் பூத் ஏஜெண்டாகவும், வாக்கு எண்ணும் மேசையில் முகவராகவும் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்களுக்குள் கட்சி ஒற்றுமை கிடையாது. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறோம். தேர்தல் நெருங்கியதும் எங்கள் ஊர்களைப் பற்றி நீங்கள் எழுதி அனுப்பும் குறிப்புகள் பெரும்பாலும் தப்பாக இருக்கின்றன. "இது இலை ஊர்", "அது சூரியன் ஊர்", "மலையடிவாரம் முழுக்க மாம்பழம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் வேட்பாளரின் வண்டி எந்தத் தெருவுக்குள் நுழையும், எந்தத் தெரு முனையில் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் என்று முடிவாகிறது. வென்ற பிறகு எந்தத் தெருவுக்குக் கழிவுநீர்க் கால்வாய் முதலில் வரும் என்பதும் பல இடங்களில் அதே வரியில்தான் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

குடியாத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1954-இல் முதலமைச்சரான காமராஜர் இடைத்தேர்தலில் நின்று வென்ற தொகுதி. அப்போது காங்கிரஸை எதிர்த்து அரசியல் செய்துகொண்டிருந்த திமுக அவரை ஆதரித்தது. 2006-இல் அதே குடியாத்தம் மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது; அன்று அந்தக் கட்சி திமுக கூட்டணியில். 2011-இல் இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் வென்றார். அன்று அந்தக் கட்சி அதிமுக கூட்டணியில். 2016-இல் அதிமுக. அந்த உறுப்பினர் தகுதி நீக்கம் செய்யப்பட்டதால் 2019 ஏப்ரல் 18-இல் இடைத்தேர்தல் நடந்தது, திமுக வென்றது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 5-இல் வேலூர் மக்களவைத் தேர்தல் வந்தபோது அதே குடியாத்தம் தொகுதியில் இரட்டை இலை முன்னிலை பெற்றது. 2021-இல் மறுபடி திமுக. இந்த ஊரை எந்த நிறத்தில் தீட்டுவீர்கள்? பீடி சுற்றுகிறவர்களும், தறிக்காரர்களும், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிற தொகுதி. கூட்டணி மாறினால் ஓட்டு மாறும், வேட்பாளர் மாறினால் ஓட்டு மாறும், சட்டமன்றமா மக்களவையா என்பதைப் பொறுத்தும் மாறும்.

வேலூர் மக்களவைத் தொகுதியின் கணக்கும் இப்படித்தான். 2019 ஏப்ரலில் நடக்க வேண்டிய தேர்தல், பெருந்தொகை பிடிபட்டதால் ஏப்ரல் 16-இல் ரத்தானது. பணத்துக்காக ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. ஆகஸ்டில் நடந்தபோது திமுக 8,141 ஓட்டு வித்தியாசத்தில் வென்றது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய மூன்று சட்டமன்றப் பகுதிகளில் சூரியன் முந்தியது, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் ஆகிய மூன்றில் இலை முந்தியது. 2024-இல் வித்தியாசம் 2,15,702. இதைப் பார்த்து "தொகுதியே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது" என்று எழுதினீர்கள். கொஞ்சம் கூட்டிப் பார்த்திருக்கலாம். 2019-இல் இலை வாங்கியது 4,77,199. 2024-இல் அதே வேட்பாளர் தாமரையில் நின்றார். இலை தனியாக வேறு வேட்பாளரோடு நின்றது. தாமரைக்கு சுமார் 3.53 லட்சம், இலைக்கு சுமார் 1.18 லட்சம். இரண்டும் சேர்ந்தால் சுமார் 4.7 லட்சம். ஐந்து வருடத்தில் எதிர்ப்பக்கத்தின் மொத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. திமுகவுக்கு சுமார் 83,000 ஓட்டு கூடியிருக்கிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 8,000 எப்படி 2,15,000 ஆனது என்பதற்கு விடை பெரும்பகுதி ஓட்டுப் பிரிவில் இருக்கிறது, ஊர் மனம் மாறியதில் இல்லை. அடுத்த தேர்தலில் சின்னங்கள் மறுபடி ஒன்று சேர்ந்தால், பிரிந்தால், புதிது வந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கூட்டல் தெரியாமல் சொல்ல முடியாது. தாமரையும் இலையும் ஒன்று சேர்ந்தால் முழுசாகச் சேரும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. சில பூத்தில் சேரும், சில பூத்தில் ஒன்று மற்றொன்றைத் துரத்தும். எந்த பூத்தில் எது என்பதுதான் வேலை.

அந்த வேலைக்குக் கருவி படிவம் 20. தேர்தல் முடிந்ததும் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் வாக்குச்சாவடி வாரியாகத் தயாராகும் முடிவுத் தாள். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்கும். இடது ஓரத்தில் சாவடி எண், அதற்கடுத்து நெட்டுக்குத்தாக வேட்பாளர் பெயர்கள், பிறகு செல்லத்தக்க வாக்குகள், நோட்டா, மொத்தம், கடைசிக் கட்டத்தில் டெண்டர் ஓட்டு (தன் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டதால் வாக்காளர் தனிச் சீட்டில் போடுவது). பல இடங்களில் அது ஸ்கேன் செய்த படமாகத்தான் இருக்கும். 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது, தாள் சாய்ந்திருக்கும். கணினியில் போட்டு எண்ணை உருவ முயன்றால் ஒரு கட்டம் நகர்ந்துபோய், ஒரு சுயேச்சையின் 4 ஓட்டு பெரிய கட்சிக்குப் போய் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் வேட்பாளர் ஓட்டுகளைக் கூட்டி, மொத்தக் கட்டத்தோடு சரிபார்த்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது.

எண்ணைச் சரியாக எடுத்துவிட்டாலும் பெரிய பள்ளம் இனிமேல்தான். 2014-இன் 112-ஆம் சாவடியும் 2024-இன் 112-ஆம் சாவடியும் ஒரே இடமாக இருக்க வேண்டியதில்லை. வாக்காளர் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் சாவடியைப் பிரிப்பார்கள். பிரித்தால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் தள்ளும். வரம்பு 1,500 ஆக இருந்தது. 2025-இல் 1,200 ஆகக் குறைத்தார்கள். அதனால் புதிய பட்டியலில் எங்கள் பக்கத்துச் சாவடி எண்கள் பல இடம் மாறியிருக்கின்றன. எண்ணை வைத்து ஒப்பிட்டால் காலனியின் ஓட்டைக் கடைத்தெருவோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். "திடீர் மாற்றம்" என்று உங்கள் அறிக்கையில் வருவதில் பாதி இந்தத் தள்ளல்தான்.

செய்ய வேண்டியது இதுதான். வாக்குச்சாவடிப் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இடம் எழுதியிருக்கும்: "ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, வடக்குப் பார்த்த தார்சுக் கட்டடம், மேற்குப் பகுதி". அதற்கடுத்த கட்டத்தில் எந்தெந்தத் தெருக்கள் என்று இருக்கும். எண்ணை மறந்துவிட்டு, தெருப் பெயர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் இருக்கும் சாவடிகளை ஒன்றாகக் கூட்டி ஒரு கொத்தாக்குங்கள். வடக்குப் பார்த்த கட்டடத்தில் இருந்த தெரு, அடுத்த தேர்தலில் கிழக்குப் பார்த்த கட்டடத்துக்குப் போயிருக்கும்; கொத்தாகக் கூட்டினால் அந்த நகர்வு கணக்கைக் கெடுக்காது. பத்தாயிரம் பேர் இருக்கும் பேரூருக்கு மூன்று நான்கு கொத்து போதும். "பெண்கள் மட்டும்", "ஆண்கள் மட்டும்" என்று பிரித்த சாவடி எங்காவது இருந்தால் அதை மட்டும் கூட்டாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் ஓட்டு எப்படி விழுந்தது என்பதை ஊகம் இல்லாமல் காட்டும் தாள் வேறு எங்கும் கிடையாது.

கொத்து ஒவ்வொன்றுக்கும் 2014, 2016, 2019, 2021, 2024 என்று ஐந்து தேர்தல் ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சதவீதத்தில் வேண்டாம், எண்ணிக்கையில். கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனைக் கொத்து: ஒரு சின்னம் ஐந்து தேர்தலில் 610, 840, 905, 980, 870 வாங்கியிருக்கிறது. இதில் 610-தான் அந்தச் சின்னத்துக்கு நிலையான ஓட்டு. என்ன ஆனாலும் விழுவது. மேலே உள்ள 370 புரளும் ஓட்டு. உங்கள் குறிப்புகளில் எப்போதும் கடைசி எண்ணை எடுத்து, "870 நமக்கு" என்று எழுதுகிறீர்கள். அதில் 260 அந்த வேட்பாளருக்கோ, கூட்டணிக்கோ, எதிரில் நின்றவர் மேல் இருந்த கோபத்துக்கோ விழுந்தது. அடுத்த முறை அது வராதபோது "துரோகம்" என்று தெருவைத் திட்டுவது அநியாயம்.

எந்தக் கட்சியின் ஓட்டை எந்த வருடத்துத் தாளில் பார்ப்பது என்பதும் தெரிய வேண்டும். பாமக 2006-இலும் 2011-இலும் திமுகவோடு, 2009-இல் அதிமுகவோடு, 2014-இல் பாஜகவோடு, 2019-இலும் 2021-இலும் அதிமுகவோடு, 2024-இல் மறுபடி பாஜகவோடு. 2006-க்குப் பிறகு பாமகவின் மாம்பழம் தனியாக நின்று தன் பலத்தைக் காட்டிய தாள் 2016-உடையது மட்டும்தான். மலையடிவாரத்துக் கொத்துகளில் மாம்பழம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் அந்தத் தாளைத்தான் எடுக்க வேண்டும். அதற்கும் இப்போது வயதாகிவிட்டது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு. நாம் தமிழர் கட்சி தொடர்ந்து தனியாகவே நிற்பதால் அதன் ஓட்டை நேராக ஒப்பிடலாம், ஆனால் சின்னம் மாறிக்கொண்டே வந்தது: 2016-இல் இரட்டை மெழுகுவர்த்தி, 2019-இலும் 2021-இலும் கரும்பு விவசாயி, 2024-இல் மைக். சின்னத்தைப் பிடித்துத் தேடினால் ஓட்டு காணாமல் போனது போலத் தெரியும். கே.வி.குப்பத்தில் 2021-இல் வென்றவர் புரட்சி பாரதம் கட்சித் தலைவர். நின்றது இரட்டை இலையில். அங்கே இலைக்கு விழுந்ததை முழுக்க அதிமுக ஓட்டு என்று எழுதினால், அம்பேத்கரியக் கட்சிகளுக்கு வடாற்காட்டில் இருக்கும் நெடுநாள் வேர் உங்கள் கணக்கிலேயே வராது.

சாதிக் கணக்குக்கு வருவோம். வாக்காளர் பட்டியலில் சாதி கிடையாது. உங்கள் ஆட்கள் தெருப் பெயரையும் தகப்பன் பெயரையும் பார்த்து ஊகித்து, ஊகத்தைச் சதவீதமாக்கி, சதவீதத்தை ஓட்டாக்குகிறார்கள். தெருப் பெயர் மூன்று தலைமுறைக்கு முன் வைத்தது. வீட்டை விற்றுவிட்டு வேலூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் எத்தனை பேர், வாங்கி வந்தவர்கள் யார் என்று அந்தப் பெயர் சொல்லாது. தெலுங்கு பேசுகிற வீடுகளில் பெயரை வைத்து எதையும் பிரிக்க முடியாது. எளிதாகப் பிரிக்க முடிவது இஸ்லாமியப் பெயர்கள் மட்டும் என்பதால், அந்த ஓட்டை மட்டும் மூன்று இலக்கத் துல்லியத்தோடு எழுதி, அத்தனையும் ஒரே பக்கம் விழும் என்று வைத்துக்கொள்கிறீர்கள். வாணியம்பாடி 2016-இலும் 2021-இலும் அதிமுகவைத் தேர்ந்தெடுத்தது. இந்த ஒரு தகவலே போதும், அந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டைக் கிழித்துப் போட. சாதி ஓட்டில் பங்கு வகிக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் ஊர்களில் அது பலமாகவே இருக்கிறது. ஆனால் ஒரே சமூகத்துக்குள் மூன்று சின்னங்களும் புழங்குகின்றன. அண்ணன் பேரூர்க் கிளையில் ஒரு கட்சிப் பொறுப்பு, தம்பி எதிர்க்கட்சிக்குப் பூத் ஏஜெண்ட் என்பது இங்கே சாதாரணம்.

வாக்குப்பதிவு சதவீதத்தில் நடக்கும் தவறு இன்னும் கேடு. ஒரு சாவடியில் பட்டியலில் 1,100 பேர், பதிவானது 780. 71 சதவீதம் என்று எழுதுவீர்கள். அந்த 1,100-இல் இறந்தவர்கள், கட்டிக்கொடுத்துப் போன பெண்கள், பெங்களூரில் பட்டியலில் சேர்ந்துவிட்டு இங்கேயும் பெயரை விட்டுவைத்தவர்கள் என 150 பேர் இருந்தால், உண்மையில் ஊரில் இருந்த 950 பேரில் 780 பேர் வந்திருக்கிறார்கள், 82 சதவீதம். 2025 நவம்பர் 4-இல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வரைவுப் பட்டியலிலிருந்து வெளியே போயின. கீழே இருக்கும் எண் சுருங்கினால் சதவீதம் தானாக ஏறும். "வாக்குப்பதிவு எகிறிவிட்டது, ஆட்சிக்கு எதிரான அலை" என்று அடுத்து எழுதப் போகிறவர்கள், முதலில் எத்தனை பேர் வந்து போட்டார்கள் என்ற எண்ணிக்கையைப் பழைய எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். பெயர் நீக்கப்பட்டவர்களில் உயிரோடு ஊரிலேயே இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பெயர் சேர்க்கும் படிவம் 6 நிரப்பிக் கொடுக்கும் வேலையைக் கட்சிக்காரர்கள் தங்களுக்கு ஓட்டுப் போடும் வீட்டுக்கு மட்டும் செய்யாமல் தெரு முழுக்கச் செய்தால், அது ஊருக்குச் செய்யும் உதவி.

இனி, நேரில் கேட்கும் முறை. பெரும்பாலான குழு காலை பத்து மணிக்கு வந்து, பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் தொடங்குகிறது. அந்த நேரத்தில் டீக்கடையில் இருப்பவர்கள் யார்? ஆண்கள், அதிலும் கட்சி பேசுகிறவர்கள். தோல் பொருள், ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களைக் கம்பெனி பஸ் விடிந்ததுமே ஏற்றிக்கொண்டு போய்விட்டிருக்கும். திரும்பி வர இருட்டிவிடும். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் ஏரிக்கரையில் இருப்பார்கள். கட்டட வேலைக்காரர்கள் பெங்களூரில் இருப்பார்கள், வாக்குப்பதிவுக்கு முதல் நாள் ராத்திரிதான் வந்து இறங்குவார்கள். சந்தை நாளில் கூட்டம் கிடைக்கும் என்று வருவது இதைவிட மோசம். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தையிலோ, வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையிலோ நீங்கள் கேட்கும் பத்துப் பேரில் எத்தனை பேர் அந்த ஊர் வாக்காளர்? ஒடுகத்தூர்ச் சந்தைக்குப் பீஞ்சமந்தை பக்கத்து மலைக்காரரும் இறங்கி வருவார், திருப்பத்தூர் மாவட்டத்து ஆட்டு வியாபாரியும் வருவார். கேட்டு எழுதியதை "ஒடுகத்தூர் மனநிலை" என்று தலைப்புப் போடுகிறீர்கள்.

எல்லையையும் சரிபார்க்காமல் வருகிறார்கள். திருவலம் வேலூர் மாவட்டம்தான், ஆனால் காட்பாடி சட்டமன்றத் தொகுதி. காட்பாடி அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் சேர்ந்தது. அங்கே போய் வேலூர் எம்.பி. பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்?

பெண்களைக் கேட்க வேண்டுமானால் பால் ஊற்றும் நேரத்தில் சங்கத்தின் வாசலுக்குப் போங்கள், ரேஷன் கடை வரிசைக்குப் போங்கள், மகளிர் குழு கூடும் நாளுக்குப் போங்கள். பெண் கணக்கெடுப்பாளரை அனுப்புங்கள். வீட்டு வாசலில் கேட்டால் கணவரோ மாமனாரோ முந்திக்கொண்டு பதில் சொல்வார். அதை நீங்கள் நான்கு ஓட்டாக எழுதிக்கொள்வீர்கள். உருது பேசும் தெருவுக்கு உருது தெரிந்தவர், தெலுங்கு பேசும் தெருவுக்குத் தெலுங்கு தெரிந்தவர் போனால் பேச்சே வேறு மாதிரி வரும். "யாருக்குமா ஓட்டு?" என்று நேராகக் கேட்டால், "பார்க்கலாம்பா, எல்லாரும் நம்ம புள்ளைங்கதான்" என்பார்கள். அது தெரியாத்தனம் இல்லை. வெளியாளிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, பட்டா மனு எங்கே நிற்கிறது, நூறு நாள் கூலி எப்போது வந்தது என்று கேளுங்கள். கோபம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும். மகளிர் உரிமைத் தொகை வாங்குகிற வீடெல்லாம் ஒரு பக்கம் என்று எழுதிவிடாதீர்கள். அதே தெருவில் விண்ணப்பம் தள்ளுபடியான வீட்டையும் எண்ணுங்கள்.

வாக்குப்பதிவு நாளில் எடுக்கும் கணிப்புக்கும் இதே கதி. சாவடியில் ஓட்டு ஒரே வேகத்தில் விழாது. ஏழு மணிக்கு வயதானவர்களும், வெயிலுக்கு முன் முடித்துவிட நினைப்பவர்களும். ஏப்ரல் மாத வேலூர் வெயிலில் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வராண்டா காலியாகக் கிடக்கும். நான்கு மணிக்கு மேல் வெளியூரிலிருந்து வந்தவர்களும் இளைஞர்களும் மொத்தமாக வருவார்கள். பதினொரு மணிக்குள் கணிப்பை முடித்துக்கொண்டு கிளம்புகிறவர் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார். 2019 ஆகஸ்ட் 5 நினைவிருக்கலாம். காஷ்மீர் 370-ஆவது பிரிவு பற்றிய அறிவிப்பு நாடாளுமன்றத்தில் வந்தது காலை பதினொரு மணிக்கு மேல். இங்கே ஓட்டு ஏழு மணிக்கே விழ ஆரம்பித்துவிட்டது. பிறகு வந்த அலசல்கள் அதை முழு நாளுக்கும் காரணமாக எழுதின.

எண்ணிக்கை நாளன்று, "எட்டாவது சுற்றில் காற்று மாறியது" என்பார்கள். பெரும்பாலும் 14 மேசை. முதல் சுற்றில் 1 முதல் 14 வரையுள்ள சாவடிகள், எட்டாவது சுற்றில் 99 முதல் 112 வரை. உங்கள் பேரூர் 105 முதல் 118 வரை என்றால் அதில் எட்டு சாவடி எட்டாவது சுற்றிலும் மீதி ஆறு ஒன்பதாவது சுற்றிலும் வரும். சுற்று என்பது தொகுதி வரைபடத்தில் ஒரு நகர்வு, அவ்வளவுதான். எந்தச் சாவடி எந்தச் சுற்று என்று முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டால் பதறத் தேவையில்லை.

தபால் ஓட்டு இந்தக் கொத்துக் கணக்கில் வராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்மவான்பேட்டை போலப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் உள்ள மாவட்டம் இது. ராணுவத்தில் இருப்பவருக்கு வாக்குச்சீட்டு மின்னணு முறையில் போகும், திரும்பத் தபாலில் வர வேண்டும்; எண்ணிக்கை நாள் காலை எட்டு மணிக்குள் வராவிட்டால் சேராது. உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து விட்டுப்போனாலும் சான்றொப்பம் இல்லாவிட்டாலும் தள்ளுபடி. 2021-இல் காட்பாடியில் வித்தியாசம் 746. ஜோலார்பேட்டையில் 1,091. ஒரு சாவடியின் பட்டியல் அளவு.

உள்ளாட்சித் தேர்தல் முடிவை வைத்துச் சட்டமன்றத்துக்குக் கணக்குப் போடுவது எங்களுக்குப் புரியாத வேலை. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் ஊராட்சிகளில் நடந்த தேர்தலில் ஒரு வாக்காளருக்கு நான்கு சீட்டு. வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் கட்சிச் சின்னம் இல்லாத பதவிகள். அங்கே பூட்டு சாவியும் ஆட்டோவும்தான், ஓட்டு உறவுக்கும் ஊர் வழக்குக்கும் போகும். ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும் கட்சிச் சின்னம். ஒரே ஆள் தலைவர் சீட்டில் ஒரு பக்கமும் ஒன்றியச் சீட்டில் எதிர்ப் பக்கமும் குத்திவிட்டு, நான்கையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். போட்டியின்றித் தேர்வான ஊரில் எண்ணே கிடையாது. அதை "முழு ஆதரவு" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறோம். பேரூராட்சியில் 2022 பிப்ரவரி 19-இல் மக்கள் போட்டது வார்டு கவுன்சிலருக்கு மட்டும். தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பத்தாயிரம் பேர் உள்ள ஊரை 15 வார்டாகப் பிரித்தால் வார்டுக்கு ஐந்நூறு வாக்காளர் அளவில்தான் வரும். மூன்று பெரிய குடும்பம் சேர்ந்தால் முடிவு மாறும். அதற்குக் கட்சி நிறம் கொடுத்தால் அது வெறும் வர்ணம்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பட்டுவாடா நடக்கும் தெருவில் இரண்டு பக்கத்துக் கவரும் ஒரே வீட்டுக்குள் போகிறது. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். நாங்கள் பூத்தில் பார்த்தவரை அது செய்வது ஒன்றுதான்: கொடுக்காமல் விட்ட தெருவில் கோபத்தை உண்டாக்கும். "அந்தத் தெரு எப்படியும் நமக்கு விழாது" என்று உங்கள் குறிப்பில் இருந்த தெரு அது.

இந்த மடலுக்குக் காரணமான விஷயத்துக்கு வந்துவிட்டோம். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணத் தேர்தல் நடத்தை விதிகளில் 59ஏ என்ற விதி இடம் கொடுத்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரியாமல் இருப்பதற்காக. 2001 சட்டமன்றத் தேர்தலிலிருந்து தமிழ்நாடு முழுக்க இயந்திரம். இயந்திரம் சாவடி சாவடியாகத்தான் எண்ணைக் காட்டும். பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து மொத்தமாக மட்டும் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது, சட்ட ஆணையம் 2015-இல் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. பெரிய ஊரில் இது பெரிய சங்கடமில்லை. தனிச் சாவடி வைத்த ஒரு காலனியிலோ மலைக் கிராமத்திலோ, எத்தனை பேர் எந்தச் சின்னத்துக்கு என்பது மறுநாளே ஒன்றாம் இலக்கம் வரை எல்லோர் கையிலும் இருக்கும்.

நாங்கள் மேலே சொல்லிக்கொடுத்த வாசிப்பு முறை அதே தாளை வைத்துத்தான். அதைச் சரியாகப் படித்தால், ஒரு தெருவும் முழுசாக யாருக்கும் எதிரி இல்லை என்று தெரியும். "நமக்கு விழாத" சாவடியிலும் ஒவ்வொரு தேர்தலிலும் புரளும் ஓட்டு இருக்கிறது. தப்பாகப் படித்தால் அதே தாள் பழிவாங்கும் பட்டியல் ஆகிறது. கருத்துக்கணிப்புக் குழுவினரைக் கேட்பது: உங்கள் அறிக்கையில் சாவடி எண்ணோடு சாதிப் பெயரைச் சேர்த்து எழுதாதீர்கள், கொத்து எப்படிப் பிரித்தீர்கள், எத்தனை பேரை, எந்த நேரத்தில், எங்கே கேட்டீர்கள் என்று எழுதுங்கள். கட்சிக்காரர்களைக் கேட்பது: வரும் கோடையில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி எந்த நாள் என்று பட்டியல் எழுதும்போது, அந்த மேசை மேல் படிவம் 20 இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
வேலூர் மாவட்டச் சிறு ஊர்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவர்கள்